கிளவுட் மென்பொருள் வாங்கப் போகிறீர்களா? ஆன்லைன் சந்தைகளில் நம்பகமான நிறுவனத்தைக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

கணக்கு, பில்லிங், சரக்கு இருப்பு, சம்பளப் பட்டியல் என எல்லாவற்றுக்கும் இன்று மாதச் சந்தாவில் கிளவுட் மென்பொருள் கிடைக்கிறது. தேடினால் பக்கம் பக்கமாகப் பெயர்கள் வருகின்றன. முக்கால்வாசிப் பெயர்களுக்குக் கீழே நாலரை நட்சத்திரம் இருக்கிறது. 'இலவச டெமோ' பொத்தானை அழுத்தினால் சற்று நேரத்தில் விற்பனைப் பிரிவிலிருந்து போன் வருகிறது. இவர்களில் யாரை நம்பி நம் கணக்குப் புத்தகத்தை ஒப்படைப்பது என்பதுதான் கேள்வி.

ஒரு சந்தையில் இடம்பெற்றிருப்பது ஒரு நிறுவனத்துக்குக் கிடைத்த அறிமுகம் மட்டுமே, உத்தரவாதம் அல்ல. நம்பிக்கைக்கான சான்றை அந்தச் சந்தைக்கு வெளியே, விற்பவர் தன் விருப்பப்படி மாற்ற முடியாத இடங்களில் தேட வேண்டும். அப்படித் தேடும் வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

பேச வசதியாக ஒரு நிறுவனத்தை மனதில் வைத்துக்கொள்வோம். கோவையில் பம்ப் உதிரிபாகங்களை மொத்த விற்பனை செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல். உள்ளே ஒரு கணக்காளரும் குடோன் பொறுப்பாளரும் இருக்கிறார்கள், வெளியே ஓர் ஆடிட்டர். கம்ப்யூட்டர் பிரிவு என்று தனியாக எதுவும் கிடையாது. கணக்கும் சரக்கு இருப்பும் ஒரே மென்பொருளில் வேண்டும் என்பது தேவை.

படி 1: தேடும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

பெரும்பாலானோர் இதைச் செய்யாமல் நேராகத் தளத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே வசதிப் பட்டியலைப் பார்த்ததும், நமக்கு என்ன வேண்டும் என்பதே மறந்துவிடும்.

அந்தப் பக்கத்தில் முதலில் வர வேண்டியவை சட்டம் கேட்பவை. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனம் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை யாராலும் அணைத்து வைக்க முடியாதபடி இருக்க வேண்டும். இது இருந்ததா இல்லையா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் எழுதியாக வேண்டும். கணக்குகளின் காப்புப் பிரதி இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும் என்பது 2022 ஆகஸ்டில் வந்த திருத்தம். கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால், 2023 ஆகஸ்ட் 1 முதல் வணிக நிறுவனங்களுக்கு எழுதும் பில்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம்.

இந்த நான்கையும் எழுதி வைத்தால் போதும், வெளிநாட்டுச் சந்தைகளில் முதல் பக்கத்தில் மின்னும் பல பெயர்கள் தாமாகவே கழிந்துவிடும். அவை மோசமான மென்பொருள்கள் அல்ல. நம் ஊர்ச் சட்டத்துக்காகச் செய்யப்படாதவை, அவ்வளவுதான்.

அதன் கீழே, எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், எத்தனை பொருள் வகைகள் இருக்கின்றன, பழைய கணக்கு இப்போது எந்த மென்பொருளில் இருக்கிறது என்று மூன்று வரி எழுதுங்கள்.

படி 2: எந்தச் சந்தை, யார் காசில் நடக்கிறது?

ஆன்லைன் சந்தை என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொன்னாலும், உள்ளே மூன்று விதமான தொழில்கள் நடக்கின்றன.

முதல் வகை, பெரிய கிளவுட் நிறுவனங்கள் தாங்களே நடத்துபவை. 2012இல் தொடங்கிய, அமேசானின் கிளவுட் பிரிவான ஏடபிள்யூஎஸ்ஸின் மார்க்கெட்பிளேஸ், மைக்ரோசாஃப்ட் மார்க்கெட்பிளேஸ், கூகுள் வொர்க்ஸ்பேஸ் மார்க்கெட்பிளேஸ், சேல்ஸ்ஃபோர்ஸின் ஆப் எக்ஸ்சேஞ்ச், நம் ஜோஹோ நடத்தும் மார்க்கெட்பிளேஸ் ஆகியவை இதில் சேரும். அவரவர் தளத்தோடு இணைந்து ஓடும் மென்பொருள்களை வைத்திருப்பதால், ஓரளவு தொழில்நுட்பச் சோதனையும் இருக்கும்.

இரண்டாவது வகை விமர்சனத் தளங்கள். ஜி2, கேப்டெரா போன்றவை. இங்கே பெரும்பாலும் எதுவும் வாங்குவதில்லை, ஒப்பிட்டுப் பார்க்கிறோம். இவற்றுக்கு வருமானம் மென்பொருள் நிறுவனங்களிடமிருந்து வருகிறது. கேப்டெராவில் நாம் ஒரு பெயரைச் சொடுக்கி அந்த நிறுவனத்தின் தளத்துக்குப் போனால், அந்தச் சொடுக்குக்கு அந்த நிறுவனம் பணம் கட்டும் முறை உண்டு. பட்டியல் முதலில் விளம்பர வரிசையில்தான் திறக்கும். வரிசைப்படுத்தும் இடத்தில் அதை மாற்றி, பயனர் மதிப்பீட்டு வரிசைக்குக் கொண்டுவாருங்கள். முதல் பக்கமே வேறாக மாறுவதைப் பார்ப்பீர்கள்.

மூன்றாவது, டெக்ஜாக்கி, சாஃப்ட்வேர்சஜஸ்ட் போன்ற இந்தியத் தளங்கள். ரூபாய் விலை, ஜிஎஸ்டி பில், தொலைபேசி ஆலோசனை என்று நம் ஆட்களுக்கு வசதியானவை. ஆனால் ஆலோசனை சொல்பவருக்கும் வருமானம் மென்பொருள் நிறுவனங்களிடமிருந்துதான் வருகிறது என்பதை மறக்க வேண்டாம். அவர் சொல்லும் மூன்று பெயர்களோடு நீங்களாகத் தேடிய இரண்டு பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். (அரசு அலுவலகமாக இருந்தால் பாதை வேறு: அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளமும், மத்திய மின்னணுவியல் அமைச்சகம் அங்கீகரித்த கிளவுட் நிறுவனங்களின் பட்டியலும்தான் தொடக்கம்.)

இந்தக் கட்டத்தின் முடிவில் ஐந்து பெயர்களுக்கு மேல் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்து வரும் வேலையைப் பத்துப் பெயர்களுக்குச் செய்ய யாருக்கும் நேரம் இருக்காது.

படி 3: முத்திரை என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை?

'சரிபார்க்கப்பட்டது' என்ற வார்த்தைக்குப் பின்னால் பல படிகள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 365 செயலிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் படியில், வெளியிடும் நிறுவனம் யார் என்ற அடையாளம் மட்டும் உறுதியாகிறது. இரண்டாவது படியில், தன் பாதுகாப்பு நடைமுறைகளைப் பற்றி அந்த நிறுவனமே கேள்வித்தாள் நிரப்பித் தருகிறது. மூன்றாவது படியில்தான் ஆதாரங்களைக் கேட்டுப் பரிசீலித்துச் சான்று தருகிறார்கள். மூன்றுமே நல்ல பெயர்தான், ஆனால் முதல் படியில் நிற்பவர் உங்கள் தரவை எப்படிப் பாதுகாக்கிறார் என்று யாருமே பார்த்ததில்லை. எந்த முத்திரையாக இருந்தாலும் அதைச் சொடுக்கி, யார் எதைச் சோதித்தார்கள் என்ற விளக்கத்தைப் படித்துவிடுங்கள்.

முறையாகச் சோதித்த செயலியும் பின்னாளில் உடைக்கப்படலாம். 2025 ஆகஸ்டில் சேல்ஸ்லாஃப்ட் நிறுவனத்தின் டிரிஃப்ட் என்ற உரையாடல் செயலியிலிருந்து அனுமதித் திறவுகோல்கள் திருடப்பட்டன. டிரிஃப்டைத் தங்கள் சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்கோடு இணைத்திருந்த நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் தரவு அதன் வழியாக வெளியே போனது. கிளவுட்ஃபிளேர், இசட்ஸ்கேலர், பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் என்று பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவர்களும் அதில் இருந்தார்கள். சேல்ஸ்ஃபோர்ஸ் அந்தச் செயலியைத் தன் சந்தையிலிருந்து நீக்கியது, ஆனால் அதற்குள் தரவு போய்விட்டது.

ஆகவே முத்திரையைவிட அனுமதித் திரையை நிதானமாகப் படியுங்கள். கூகுள் கணக்கோடு ஒரு செயலியை இணைக்கும்போது, அது கேட்கும் உரிமைகள் வரிசையாக வரும். 'உங்கள் ஜிமெயிலில் உள்ள எல்லா மின்னஞ்சல்களையும் படிக்க, எழுத, அனுப்ப, நிரந்தரமாக அழிக்க' என்ற பொருளில் ஒரு வரி அதில் வரலாம். சரக்கு இருப்பு பார்க்கும் மென்பொருளுக்கு உங்கள் மின்னஞ்சலை அழிக்கும் உரிமை எதற்கு? பில்லை மின்னஞ்சலில் அனுப்பத்தான் என்று பதில் வந்தால், அனுப்பும் உரிமை மட்டும் போதுமே என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் கணக்குப் புத்தகத்தைக் கொடுக்க வேண்டாம்.

படி 4: விமர்சனங்களைப் படிக்கும் விதம்

பணம் கொடுத்து எழுதவைக்கும் பொய் விமர்சனங்கள் எல்லா நாட்டிலும் தலைவலிதான். அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி கொண்டுவந்த தடை 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் விமர்சனங்களுக்கென ஐஎஸ் 19000 என்ற தரநிலையை 2022இலேயே வெளியிட்டது. இவை இருந்தும் வேலை நம் கையில்தான் இருக்கிறது.

சராசரி நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள். புதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்தி, இரண்டு முதல் நான்கு நட்சத்திரம் வரை கொடுத்தவர்களைப் படியுங்கள். உண்மையில் பயன்படுத்தியவர் குறையையும் நிறையையும் சேர்த்துத்தான் எழுதுவார். ஜி2 போன்ற தளங்களில் அன்பளிப்பு அட்டை வாங்கிக்கொண்டு எழுதிய விமர்சனங்களுக்குத் தனிக் குறிப்பு இருக்கும். அவை பொய் என்று அர்த்தமில்லை, ஆனால் கோபமாக இருக்கும் வாடிக்கையாளரை அன்பளிப்பு அட்டைக்காக யாரும் தேடிப் போவதில்லை. ஒரே மாதத்தில் குவிந்து, முன்னும் பின்னும் வெறுமையாக இருந்தால் அது ஒரு விற்பனை இயக்கத்தின் விளைவு.

விமர்சனங்களுக்குள் தேட வேண்டிய சொற்கள்: ரத்து, புதுப்பித்தல், ஏற்றுமதி, பணம் திரும்ப, ஆதரவு. உங்களைப் போலவே பத்துப் பேர் வேலை செய்யும் இந்திய நிறுவனம் எழுதிய ஒரு பத்தி, ஐயாயிரம் பேர் கொண்ட அமெரிக்க நிறுவனத்தின் இருபது பாராட்டுகளைவிட உங்களுக்குப் பயன்படும்.

படி 5: அரசுப் பதிவேட்டில் முகத்தைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். காசு செலவில்லை, ஒரு பெயருக்கு அரை மணி நேரம் ஆகும்.

முதலில் மென்பொருளின் சேவை நிபந்தனைகள் பக்கத்துக்குப் போய், ஒப்பந்தத்தில் உங்களோடு கையெழுத்திடும் நிறுவனத்தின் சட்டப்படியான பெயரைக் கண்டுபிடியுங்கள். விளம்பரத்தில் ஒரு பிராண்டு பெயர் இருக்கும், ஒப்பந்தத்தில் வேறொரு பிரைவேட் லிமிடெட் இருக்கும், பில் மூன்றாவது பெயரில் வரும். மூன்றுக்கும் உள்ள தொடர்பு தளத்தில் எங்கேயாவது விளக்கப்பட்டிருக்க வேண்டும்.

அது இந்திய நிறுவனம் என்றால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள். பதிவான தேதி, இப்போதைய நிலை, கடைசியாக எந்த ஆண்டின் இருப்புநிலைக் குறிப்பு தாக்கலானது என்பவை தெரியும். 'பதினைந்து ஆண்டு அனுபவம்' என்று தளத்தில் எழுதிவிட்டு, பதிவேட்டில் இரண்டு வயது மட்டுமே இருந்தால் காரணம் கேளுங்கள். நியாயமான காரணமும் இருக்கலாம், கூட்டாண்மை நிறுவனம் கம்பெனியாக மாறியிருக்கலாம். இரண்டு ஆண்டுகளாகக் கணக்கே தாக்கல் செய்யவில்லை என்றால் நான் அந்தப் பெயரை அங்கேயே அடித்துவிடுவேன். தன் கணக்கையே நேரத்துக்கு முடிக்காதவர் நம் கணக்குக்கான மென்பொருளை விற்கக் கூடாது.

அடுத்து ஜிஎஸ்டி தளம். உள்நுழையாமலேயே ஜிஎஸ்டி எண்ணைப் போட்டுத் தேடலாம். பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள், சமீபத்திய மாதங்களில் ரிட்டர்ன் தாக்கலாகியிருக்கிறதா என்ற அட்டவணையும் அங்கேயே திறக்கும். அவர் தன் விற்பனை விவரங்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னைத் தாக்கல் செய்யாவிட்டால், சந்தாவில் நீங்கள் கட்டும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது.

பில் அமெரிக்காவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருகிறதா? அப்படியானால் வரியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்டும் நிலை வரலாம். வாங்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இளம் நிறுவனம் என்பதற்காக மட்டும் யாரையும் ஒதுக்காதீர்கள். 1996இல் தொடங்கிய ஜோஹோவும் 2010இல் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸும் ஒரு காலத்தில் வரலாறே இல்லாத சிறு நிறுவனங்களாக இருந்தவைதான். முதல் வாடிக்கையாளர்கள் நம்பியதால் வளர்ந்தார்கள். இளம் நிறுவனத்திடம் வாங்கினால் மாதச் சந்தாவில் வாங்குங்கள், மூன்று ஆண்டுத் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு முன்பணம் கட்டாதீர்கள்.

படி 6: சான்றிதழைக் கேட்டு வாங்கி, முழுதாகப் படியுங்கள்

தளத்தின் அடியில் ஐஎஸ்ஓ 27001, எஸ்ஓசி 2 என்று தகவல் பாதுகாப்பு தொடர்பான சின்னங்கள் வட்ட வட்டமாக இருக்கும். சின்னத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம், ஆவணத்தைக் கேளுங்கள்.

ஐஎஸ்ஓ 27001 சான்றிதழில் யாருடைய பெயர், எந்த முகவரி, எந்தப் பணி அதன் எல்லைக்குள் வருகிறது, எப்போது காலாவதி என்று பாருங்கள். 2013 பதிப்பின்படி தரப்பட்ட சான்றுகளின் மாற்றக் காலம் 2025 அக்டோபர் 31ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, இப்போது 2022 பதிப்பு இருக்க வேண்டும். ஐஏஎஃப் செர்ட்சர்ச் என்ற உலகளாவிய தளத்தில் சான்றிதழ் உண்மையா என்று தேடிப் பார்க்கலாம்.

எஸ்ஓசி 2 என்பது சான்றிதழே அல்ல, ஒரு தணிக்கை அறிக்கை. முதல் வகை அறிக்கை ஒரு குறிப்பிட்ட நாளில் ஏற்பாடுகள் சரியாக அமைக்கப்பட்டிருந்தனவா என்று மட்டும் சொல்லும். இரண்டாம் வகை, சில மாத காலம் அவை ஒழுங்காக இயங்கினவா என்று சொல்லும். கேட்க வேண்டியது இரண்டாம் வகையை. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் தருவோம் என்பார்கள், அது வழக்கமான நடைமுறைதான்.

அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று உண்டு. 'எங்கள் சர்வர் அமேசானில் இருக்கிறது, அதற்கு எல்லாச் சான்றும் இருக்கிறது' என்பார்கள். அமேசானின் சான்று அமேசானின் கட்டடத்துக்கும் இயந்திரங்களுக்கும் சேவைகளுக்கும் பொருந்தும். அதன் மேல் இவர்கள் எழுதிய மென்பொருள், இவர்கள் ஊழியர்களின் கடவுச்சொற்கள், இவர்கள் எடுக்கும் காப்புப் பிரதி எதற்கும் அது பொருந்தாது.

சிறிய நிறுவனங்களிடம் இந்தச் சான்றுகள் இல்லாமல் இருக்கலாம், செலவு அதிகம். அப்போது கடைசியாக எப்போது வெளியாளை வைத்து ஊடுருவல் சோதனை (ஹேக்கரைப் போல உள்ளே நுழைய முயன்று பார்ப்பது) செய்தார்கள் என்று கேளுங்கள். அறிக்கையின் சுருக்கத்தைக் காட்டத் தயங்காதவர் பரவாயில்லை.

படி 7: எழுத்தில் கேட்க வேண்டியவை

போனில் சொன்ன உறுதிமொழி கணக்கில் வராது. மின்னஞ்சலில் கேளுங்கள், மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்.

தரவு எந்த ஊரில் இருக்கிறது, காப்புப் பிரதி எந்த ஊரில் இருக்கிறது? ஏடபிள்யூஎஸ்ஸுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், மைக்ரோசாஃப்ட் அஸூருக்குச் சென்னையிலும் புனேயிலும், கூகுளுக்கு மும்பையிலும் டெல்லியிலும் தரவு மையங்கள் இருப்பதால், இந்தியாவில் வைக்க வழியில்லை என்ற பதிலுக்கு இடமில்லை. உங்கள் தரவு வேறு எந்தெந்த நிறுவனங்களின் கைக்குப் போகிறது? தரவுக் கசிவு நடந்தால் எத்தனை மணி நேரத்தில் உங்களுக்குச் சொல்வார்கள்? மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். இந்தக் கேள்விக்குத் தடுமாறினால் அந்த உத்தரவையே படிக்கவில்லை என்று பொருள்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளர்களின் விவரங்களை உங்களுக்காகக் கையாளும் வெளி நிறுவனம் செய்யும் தவறுக்கும் உங்களையே பொறுப்பாக்குகிறது. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

படி 8: உள்ளே போகும் முன் வெளியே வரும் வழி

இலவசச் சோதனைக் காலத்தை எல்லோரும் பட்டன்களை அழுத்திப் பார்ப்பதில் செலவிடுகிறார்கள். நான் முதலில் செய்யச் சொல்வது வெளியேறும் சோதனை.

கற்பனையாக இருபது பொருள்கள், பத்து வாடிக்கையாளர்கள், முப்பது பில்கள் போடுங்கள். உண்மையான வாடிக்கையாளர் விவரம் வேண்டாம். சில பெயர்களைத் தமிழிலேயே எழுதுங்கள். ஒரு பில்லில் தொகையைத் திருத்துங்கள், ஒன்றை நீக்குங்கள், இரண்டு பில்களோடு ஸ்கேன் செய்த படத்தை இணையுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்து பாருங்கள்.

ஏற்றுமதியில் வரும் சிஎஸ்வி கோப்பை (அட்டவணையை வெறும் எழுத்தாக வைத்திருக்கும் கோப்பு) எக்செல்லில் நேராகத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் கலைந்து தெரியலாம். பதற வேண்டாம். அதே கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கே தமிழ் சரியாக இருந்தால் தரவு பத்திரமாக இருக்கிறது, எக்செல் படிக்கும் விதத்தில்தான் சிக்கல். நோட்பேடிலும் வரிசையாகக் கேள்விக்குறிகள் இருந்தால் எழுத்துகள் ஏற்றுமதியிலேயே அழிந்துவிட்டன. அடுத்து, இணைத்த படங்கள் வந்தனவா? திருத்தப் பதிவேடு வந்ததா? இந்த இரண்டும்தான் பல மென்பொருள்களில் ஏற்றுமதியில் விடுபட்டுப் போகும். எட்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள், சந்தாவை நிறுத்திய மறுநாள் கையில் இல்லாமல் போனால் ஆடிட்டரிடம் என்ன காட்டுவீர்கள்?

நிர்வாகி கணக்கில் உள்ளே போய், திருத்தப் பதிவை அணைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். அணைக்க முடிந்தால் அந்த மென்பொருள் உங்கள் கம்பெனிக்கு ஆகாது.

ஆதரவைச் சோதிக்க நல்ல நாள் மாதத்தின் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும். ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி கடைசி நாள்கள் அவை, எல்லா வாடிக்கையாளர்களும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். அன்று மாலை ஒரு நியாயமான கேள்வியை அனுப்பி, பதில் எப்போது வருகிறது, யார் எழுதுகிறார் என்று பாருங்கள்.

இவ்வளவு கவனம் தேவையா என்று தோன்றினால் மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன். 2013 செப்டம்பரில் நிர்வானிக்ஸ் என்ற அமெரிக்கக் கிளவுட் சேமிப்பு நிறுவனம், தரவை இரண்டு வாரத்துக்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டுக் கடையைக் கட்டியது. 2022 ஏப்ரலில் அட்லாசியன் பராமரிப்புக்காக ஓட்டிய ஒரு நிரல், தவறான அடையாள எண்களோடு ஓடி 775 வாடிக்கையாளர்களின் தளங்களை அழித்தது. சிலருக்கு மீட்டுக் கொடுக்க இரண்டு வாரம் ஆனது. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கணக்கு, கூகுள் கிளவுட்டில் ஓர் அமைப்புப் பிழையால் நீக்கப்பட்டது. வேறொரு நிறுவனத்திடமும் காப்புப் பிரதி வைத்திருந்தது மீள்வதற்குக் கைகொடுத்தது. மூவரில் இருவர் உலகமே அறிந்த பெரிய நிறுவனங்கள். எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் மாதம் ஒருமுறை முழு ஏற்றுமதி எடுத்து உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: ஒப்பந்தம், பணம், முதல் வாரம்

ஒப்பந்தத்தில் நான்கு இடங்களைப் படித்தால் போதும். இயங்கு நேர உறுதி 99.9 சதவீதம் என்றால் மாதத்துக்குச் சுமார் 43 நிமிடம் நிற்கலாம். 99 சதவீதம் என்றால் ஏழு மணி நேரத்துக்கு மேல் நிற்கலாம். மீறினால் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த பில்லில் சிறு கழிவு மட்டுமே, உங்கள் வியாபார நஷ்டத்துக்கு ஈடு கிடைக்காது. சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா, எத்தனை நாள் முன்பு மறுக்க வேண்டும் என்று பாருங்கள். புதுப்பிக்கும்போது விலையேற்றத்துக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்திய பிறகு தரவை எடுத்துக்கொள்ள எத்தனை நாள் அவகாசம் என்பது கடைசி. முப்பது நாளுக்குக் குறைவாக இருந்தால் மாற்றக் கேளுங்கள். சந்தை வழியாக வாங்கினாலும் தகராறு வந்தால் பெரும்பாலும் விற்பவரோடு நீங்கள்தான் பேச வேண்டியிருக்கும் என்பதால் இந்த வரிகள் முக்கியம்.

கார்டில் தானியங்கிப் பணம் வைத்தால், 15,000 ரூபாயைத் தாண்டும் ஒவ்வொரு சந்தாவுக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி ஓடிபி கேட்கும். யார் போனுக்கு அந்த ஓடிபி வருகிறதோ அவர் விடுப்பில் இருந்தால் சந்தா நின்றுவிடும். ஆண்டுச் சந்தாவை வங்கிப் பரிமாற்றத்தில் கட்டுவது நிம்மதி.

உரிமையாளர் கணக்கை நிறுவனத்தின் மின்னஞ்சலில் தொடங்குங்கள், கணக்காளரின் சொந்த ஜிமெயிலில் வேண்டாம். அவர் வேலை மாறிப் போனபின் கணக்கை மீட்பது பெரும்பாடு. இரண்டடுக்கு உள்நுழைவை முதல் நாளே போடுங்கள். குடோன் பொறுப்பாளருக்குச் சரக்கு இருப்பு மட்டும் தெரிந்தால் போதும், லாபக் கணக்கு தெரிய வேண்டியதில்லை.

தேர்வாகாத மற்ற நான்கு மென்பொருள்களில் நீங்கள் தொடங்கிய சோதனைக் கணக்குகள் இன்னும் உயிரோடு இருக்கும். ஒவ்வொன்றிலும் கணக்கை மூடுங்கள், தரவை அழித்துவிட்டதாக ஒரு மின்னஞ்சல் கேட்டு வாங்குங்கள். பிறகு உங்கள் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய், இணைக்கப்பட்ட செயலிகளின் பட்டியலைத் திறந்து, அந்த நான்குக்கும் கொடுத்த அனுமதியை நீக்குங்கள்.